மேல் கட்டைகளும் அப்பாவின் விரலும்

எங்கள் டவுன்ஷிப்பில் ட்யூஷன் என்றால் ஒரு பாய், ஒரு கரும்பலகை, குறைந்தது இருபது பிள்ளைகள். கணக்குக்கு ஒரு வீடு, இந்திக்கு ஒரு வீடு, பரதநாட்டியத்துக்கு ஒரு வீடு. வாசலில் கிடக்கும் செருப்புகளை வைத்துத்தான் சொல்லிக்கொடுப்பவர் கெட்டிக்காரரா இல்லையா என்று எடைபோடுவார்கள். அப்படிப்பட்ட இடத்தில் என் செருப்பும் அப்பாவின் செருப்பும் மட்டும் ஒரு வீட்டு வாசலில் முக்கால் மணி நேரம் கிடந்தால் சும்மா இருப்பார்களா? பக்கத்துக் குவார்ட்டர்ஸ் அத்தை அம்மாவிடம் வந்து, மிகுந்த அனுதாபத்தோடு, "பாப்பாவுக்குப் படிப்பு ஏறலையா? தனியா உக்கார வெச்சு சொல்லித் தர்றாங்களாமே" என்று கேட்டார். படிப்பு இல்லை, பியானோ என்று அம்மா விளக்கினாள். "அதுகூடவா ஏறல?" என்றார் அத்தை.

அந்தப் பியானோ எங்கள் பிளாக்குக்கு வந்ததே ஒரு கூத்து. நாகர்கோவில் பக்கத்திலிருந்து கல்யாணமாகி வந்தவர் டீச்சர். வீட்டுக்காரர் அனல் மின் நிலையத்தில் இன்ஜினியர். மற்ற பெண்கள் பீரோவும் கட்டிலும் கொண்டுவந்தால், இவர் சிறு வயதிலிருந்து வாசித்த பியானோவை லாரியில் ஏற்றிக்கொண்டு வந்துவிட்டார். லாரிக்காரன் அதைத் தெருவில் இறக்கிவிட்டு, வீட்டுக்குள் வைப்பது தன் வேலை இல்லை என்று கிளம்பிவிட்டான். ஃபர்ஸ்ட் ஷிப்ட் முடிந்து கம்பெனி பஸ்ஸில் வந்து இறங்கிய ஆறு பேர், சாப்பாட்டுப் பையைச் சுவரோரம் வைத்துவிட்டு ஆளுக்கொரு பக்கம் பிடித்தார்கள். அப்பா இடது கோடி. வாசற்படியில் இடித்தபோது பெட்டிக்குள்ளிருந்து 'பூம்' என்று ஒரு சத்தம் எழுந்து, கை வழியாக ஏறித் தோள்பட்டை வரை போனதாம். வீட்டுக்கு வந்து சாப்பிடும்போதும் அப்பா அதையே சொல்லிக்கொண்டிருந்தார். மோர் ஊற்றிக்கொள்வதற்குள், நம்ம பாப்பா அதைக் கற்றுக்கொள்ள வேண்டும் என்று முடிவாகிவிட்டது. என்னை யாரும் கேட்கவில்லை. எனக்கு ஒன்பது வயது. கேட்டிருந்தால் ஸ்கேட்டிங் என்றிருப்பேன்.

டீச்சருக்கு இருபத்தாறு வயது இருந்தால் அதிகம். ஆனால் சட்டதிட்டங்களில் ஹெட்மாஸ்டர் தோற்றார். ஒரு நேரத்தில் ஒரே ஒரு பிள்ளைதான். "இருபது பேர வெச்சுச் சொல்லிக்குடுத்தா வெறும் சத்தந்தான் கேக்கும். ஒருத்தி கை என்ன செய்யுதுன்னு கேக்காதுல்லா, மக்களே" என்பார். முதல் நாள் அவர் 'மக்களே' என்றபோது வேறு யாரைக் கூப்பிடுகிறார் என்று திரும்பிப் பார்த்தேன். அவர் ஊரில் ஒற்றைப் பிள்ளையையும் அப்படித்தான் கொஞ்சுவார்களாம்.

இரண்டாவது சட்டம், பெற்றவர்களில் ஒருவர் கூட உட்கார வேண்டும். வீட்டில் பயிற்சி செய்யும்போது தப்பாகப் பழகிவிடாமல் பார்த்துக்கொள்ள ஆள் வேண்டுமே. அம்மாவுக்குக் கைக்குழந்தையாகத் தம்பி இருந்ததால் அந்த வேலை அப்பாவுக்கு வந்தது. அப்பாவுக்கோ வாரத்துக்கு வாரம் ஷிப்ட் மாறும். ஆகவே என் பாடமும் மாறியது. அவர் ஃபர்ஸ்ட் ஷிப்ட் போனால் எனக்குச் சாயங்காலம் பாடம். செகண்ட் ஷிப்ட் என்றால் ஸ்கூலுக்கு முன்னால், தலை பின்னும் நேரத்தில் பாடம். டீச்சர் பியானோவின் தலைமேல் அப்பாவின் ஷிப்ட் சார்ட்டை ஒட்டி வைத்திருந்தார். உலகத்தில் வேறு எந்தப் பியானோவிலும் அப்படி ஒட்டியிருப்பார்கள் என்று எனக்குத் தோன்றவில்லை.

பாடம் என்றால் கொஞ்சநஞ்சப் பாடமில்லை. உள்ளங்கைக்குள் ஒரு எலுமிச்சம்பழம் இருப்பதாக நினைத்து விரல்களை வளைத்துக்கொள்ள வேண்டும். நினைப்பு போதாது என்று டீச்சர் சில நாள் நிஜப் பழத்தையே வைத்துவிடுவார். அது உருண்டு விழுந்தால் முதலிலிருந்து. இருபது பேர் உட்காரும் வகுப்பில் பத்தொன்பது பேருக்குப் பின்னால் ஒளிந்துகொள்ளலாம். இங்கே ஒளிய இடமே கிடையாது. என் நாலாவது விரல் சோம்பேறி என்பதும், கஷ்டமான இடம் வந்தால் நான் மூச்சைப் பிடித்துக்கொள்கிறேன் என்பதும் என் அம்மாவுக்கே தெரியாது. டீச்சருக்கு இரண்டே வாரத்தில் தெரிந்துவிட்டது.

அப்பா மூன்றாவது நாற்காலியில், முழங்கால்களைச் சேர்த்து வைத்துக்கொண்டு, பரீட்சைக்கு வந்தவரைப் போல உட்கார்ந்திருப்பார். நைட் ஷிப்ட் வாரமென்றால் கண் சொருகும். டீச்சர் இந்தப் பக்கம் திரும்பினால் விழித்துக்கொள்வார். வீட்டுக்குத் திரும்பி நடந்து வரும்போது தினமும் ஒரே விமர்சனம்தான். என் இடது கையைத் தொட்டு, "இந்தக் கை ஜோரா வாசிக்குது பாப்பா" என்பார். அப்போ இந்தக் கை என்று வலது கையைக் காட்டினால், "அதுவும் பரவால்ல" என்பார். பியானோவில் பாட்டு என்பது பெரும்பாலும் வலது கையில்தான் இருக்கும். இடது கை துணைக்குப் போகும். நான் துணையில் கெட்டிக்காரி, பாட்டில் சுமார் என்று வெகுநாள் நம்பிக்கொண்டிருந்தேன்.

அப்பா சுரங்கத்தில் பெரிய மிஷின் ஓட்டினார். சக்கரம் நிறைய வாளிகள் கட்டி, மண்ணை மலை மலையாகத் தோண்டி எடுக்குமே, அதில் ஆபரேட்டர். காடாம்புலியூரில் முந்திரிக்கொட்டை பொறுக்கிய வீட்டிலிருந்து வந்து, கான்ட்ராக்டில் மண்வெட்டி பிடித்து, பெர்மனென்ட் ஆகி, அந்தக் கேபினில் ஏறி உட்கார அவருக்குப் பதினாறு வருஷம் ஆயிற்று. சொந்தக்காரர்கள் யார் வந்தாலும் போட்டோவைக் காட்டுவார். போட்டோவில் மிஷின் முழுசாகத் தெரியும், அப்பா மிளகு அளவுக்கு இருப்பார். "அந்த மொளகுதான் அத்தனையும் ஆட்டிவெக்குது" என்று அவரே சொல்லிச் சிரிப்பார்.

அந்த அப்பாவுக்குக் காது மந்தமாகிக்கொண்டிருந்தது. எங்கள் வீட்டு ஆண்களின் வாகு அது. பெரியப்பாவுக்கும் நாற்பது தாண்டியதும் அப்படித்தான் ஆனது, தாத்தாவுக்கும் அப்படியே என்பார்கள். குரல் கேட்கும், இடி கேட்கும், பஸ் கேட்கும். மெல்லிய, கீச்சென்ற சத்தங்கள்தான் ஒவ்வொன்றாக விடைபெற்றுக்கொண்டிருந்தன. குக்கர் விசில் அவரைப் பொறுத்தவரை இரண்டு வருஷமாக அடிக்கவே இல்லை. டி.வி. சத்தத்தை அவர் ஏற்றுவதும் அம்மா இறக்குவதுமாகத் தினம் ஒரு போட்டி நடக்கும். பாண்டிச்சேரியில் காது டாக்டரைப் பார்க்கலாம் என்று அம்மா சொல்லும்போதெல்லாம் அப்பா, "டாக்டருகிட்ட போனா சீட்டு எழுதுவாரு. சீட்டு வந்தா மிஷின வுட்டு எறக்கிடுவாங்க" என்று பேச்சை முடித்துவிடுவார். இதெல்லாம் என் காதில் விழுந்ததுதான். ஒன்பது வயதில் காதில் விழுவது எல்லாம் மண்டைக்குள் போவதில்லை.

அந்த வருஷம் அப்பாவுக்கு மெடிக்கல் வந்தது. மிஷின் ஓட்டுகிறவர்களைச் சில வருஷங்களுக்கு ஒரு தடவை கூப்பிட்டு, கண், ரத்தம், காது எல்லாம் சோதிப்பார்கள். மிஷினில் இருப்பவருக்கு மணிச் சத்தமும் வாக்கிடாக்கிச் சத்தமும் கேட்டே ஆக வேண்டும், கேட்காவிட்டால் கீழே நிற்பவனுக்கு ஆபத்து. அதனால் காதில் தவறினால் மிஷின் கிடையாது. அதில் நியாயம் இல்லை என்று அப்பாவே சொல்லமாட்டார். சின்ன அறையில் உட்காரவைத்து, ஹெட்போன் மாட்டி, சத்தம் கேட்டால் விரலைத் தூக்கச் சொல்வார்கள் என்று போய்வந்தவர்கள் சொன்னார்கள். எனக்கு மெடிக்கல் என்றால் பாட்டிலில் மூத்திரம் பிடித்துக் கொடுப்பது என்ற அளவில்தான் தெரியும்.

அதே சமயத்தில் டீச்சர் என்னை முதல் கிரேடு பரீட்சைக்குத் தயார் செய்துகொண்டிருந்தார். மூன்று உருப்படிகள் வாசிக்க வேண்டும். அதோடு காதுக்கும் பரீட்சை உண்டு. நான் திரும்பி நின்றுகொள்வேன். டீச்சர் இரண்டு கட்டைகளை அழுத்துவார். எது மேலே, எது கீழே என்று சொல்ல வேண்டும். "வீட்டுலயும் அப்பாகூட இதே மாதிரி வெளையாடு, கேட்டியா" என்று சொல்லிவிட்டார். மூன்றாவது நாற்காலியில் அப்பா நிமிர்ந்து உட்கார்ந்ததை நான் பார்த்தேன்.

வீட்டில் எனக்குப் பியானோ கிடையாது. ஐந்து ஸ்தாயி உள்ள ஒரு கீபோர்டு, அம்மாவின் தையல் மேசைமேல் இருக்கும். அப்பா ஒரு ஸ்டூலை மேசையோடு ஒட்டிப் போட்டு, முதுகைக் காட்டி உட்கார்ந்துகொண்டு, விளையாட்டின் விதியை மாற்றினார். மேலே கீழே எல்லாம் வேண்டாம். நான் ஏதாவது ஒரு கட்டையை அழுத்துவேன், அவருக்குக் கேட்டால் விரலைத் தூக்குவார். அவ்வளவுதான். கேள்வியே இல்லாத பரீட்சை மாதிரி இதென்ன விளையாட்டு என்று எனக்குச் சப்பென்று இருந்தது. அதோடு சத்தத்தையும் குறைத்து வைக்கச் சொன்னார். முதல் நாள் கொஞ்சம், அடுத்த நாள் இன்னும் கொஞ்சம்.

கீழ்க் கட்டைகளுக்கு விரல் உடனே எழும்பும். நடுவில் யோசித்து எழும்பும். மேலே போகப் போக எழும்பவே எழும்பாது. நான் அழுத்திவிட்டுக் காத்திருப்பேன். அப்பாவின் பிடரியும் அசையாது, மடியில் கிடக்கும் கையும் அசையாது. "அவுட்!" என்று கத்துவேன். எனக்கு ஒரே குஷி. எங்கள் வகுப்பில் முதல் ராங்க் வாங்குகிறவளுக்குக்கூட அவள் அப்பாவைத் தோற்கடிக்கத் தெரியாது.

பொங்கல் லீவில் ஒரு நாள். அன்று மேலே இருந்த கட்டைகளில் பன்னிரண்டையோ பதிமூன்றையோ வரிசையாக அழுத்தினேன். ஒன்றுக்குக்கூட விரல் எழவில்லை. நான் ஒவ்வொன்றுக்கும் அவுட் சொல்லிக்கொண்டே போனேன். அப்பா திரும்பிப் பார்த்து, "எல்லாமே அழுத்தினியா பாப்பா?" என்று கேட்டார். எல்லாமே என்றேன். அவர் எழுந்துபோய்ச் சட்டையை மாட்டிக்கொண்டார். அம்மா தட்டு வைத்தபோது பசிக்கவில்லை என்று சொல்லிவிட்டு ஷிப்டுக்குக் கிளம்பினார். பரமபதத்தில் பாம்பு கடித்தால் நானும் சாப்பிடமாட்டேன். ஆகவே அப்பா தோற்ற கோபத்தில் போகிறார் என்று எனக்கு நன்றாகவே புரிந்தது. அன்று முழுவதும் எனக்கு மனசே சரியில்லை. அப்பாவை அவ்வளவு தோற்கடித்திருக்கக் கூடாது.

மறுநாள் முதல் நான் ஒரு வழி கண்டுபிடித்தேன். கீபோர்டு கட்டைகளை மெல்ல அழுத்தினால் சத்தம் மட்டும் வரும். ஓங்கி அடித்தால் பிளாஸ்டிக் போய் அடியில் மோதி 'டொக்' என்று ஒரு அதிர்வு மேசையில் இறங்கும். அப்பாவின் முதுகு மேசையில் சாய்ந்திருந்தது. கீழ்க் கட்டைகளை வழக்கம்போல அழுத்தினேன். மேல் கட்டைகளை மட்டும் ஓங்கி அடித்தேன். விரல் எழும்பியது. அடுத்ததற்கும் எழும்பியது. ஆகக் கடைசிக் கட்டைவரை எழும்பியது. அப்பா திரும்பினார். அந்த முகத்தை நான் எப்படிச் சொல்வேன். பெர்மனென்ட் ஆர்டர் வந்த அன்று அவர் முகம் அப்படித்தான் இருந்ததாக அம்மா பிற்பாடு சொன்னாள்.

எனக்கும் தாங்கமுடியாத சந்தோஷம். இதை யாரிடமும் சொல்லக் கூடாது என்று தீர்மானித்தேன். சொன்னால் ஜெயித்தது ஜெயித்ததாகாது அல்லவா?

அப்பாவுக்கு ஏதோ கேட்கத்தான் செய்தது. கேட்டது கட்டையின் சுரமா, மேசையின் இடியா என்று அவர் எப்படிப் பிரித்துப் பார்ப்பார்? தினமும் பத்து நிமிஷம் விளையாடினோம். தினமும் ஜெயித்தார். பண்ருட்டியில் ஒருவர் கொடுத்த பூண்டுத் தைலத்தை அவர் அப்போது காதில் விட்டுக்கொண்டிருந்தார். பெருமை முழுவதும் அதற்குப் போனது. ஷிப்டில் இன்னும் இரண்டு பேருக்கு வாங்கிக் கொடுத்தார். வைத்தியர் வீட்டுக்கு ஒரு பலாப்பழமும் போனது.

அம்மா மட்டும் சுலபத்தில் நம்பவில்லை. அப்பாவுக்குத் தெரியாமல் பாண்டிச்சேரி டாக்டரிடம் ஒரு சனிக்கிழமைக்கு நேரம் வாங்கி வைத்திருந்தாள். அதைச் சொன்னதும் அப்பா கோபப்படவில்லை. சிரித்தார். "வா, வந்து பாரு. பாத்துட்டு அப்பறம் சொல்லு" என்று அம்மாவைச் சமையலறை வாசலில் நிற்கவைத்தார். ஸ்டூலைப் போட்டு உட்கார்ந்தார். என்னைப் பார்த்துத் தலையசைத்தார்.

அந்த மாதிரி ஒரு கச்சேரியை அதற்குப் பின் நான் செய்ததில்லை. கீழே இரண்டு, நடுவில் ஒன்று, பிறகு மேலே, மேலே, ஆக மேலே. டொக், டொக், டொக். ஒவ்வொன்றுக்கும் விரல் எழுந்தது. அம்மா என் கையைப் பார்த்திருந்தால் தெரிந்திருக்கும். அவள் அப்பாவின் விரலை மட்டும் பார்த்துக்கொண்டிருந்தாள். கடைசிக் கட்டைக்கும் விரல் எழுந்ததும் அவள் முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டு, "என்னமோ போங்க, அந்த சாமிதான்" என்று உள்ளே போனாள். சனிக்கிழமை பாண்டிச்சேரிக்கு யாரும் போகவில்லை. போயிருந்தால் காது திரும்பியிருக்கும் என்று இப்போது எந்த டாக்டரும் சொல்லமாட்டார். ஆனால் அப்பா மெடிக்கலுக்குத் தயாராகவாவது போயிருப்பார். மிஷின் போனாலும் போகலாம் என்று மனசைத் தேற்றிவைத்துக்கொண்டு போயிருப்பார்.

இந்தப் பக்கம் டீச்சர் தலையைப் பிய்த்துக்கொள்ளாத குறை. மூன்றாவது உருப்படி, மேலே மேலே ஏறிப்போய் இரண்டு மெல்லிய சுரங்களில் முடியும். காற்றில் அணைகிற மாதிரி வாசிக்க வேண்டும். நானோ அங்கே போனதும் ஆணி அறைந்தேன். "கீழ எல்லாம் நீ பூ மாதிரி வாசிக்க. மேல போனா மட்டும் ஏன் அடிக்க? அது என்ன கதவா மக்களே, தட்டிக் கூப்பிட?" என்று கேட்டார். தன் விரலுக்கு மேல் என் விரலை வைத்து அழுத்திக் காட்டினார். எலுமிச்சம்பழத்தையும் மறுபடி கொண்டுவந்தார். கை அவர் முன்னால் சொன்னபடி கேட்கும், வீட்டுக்கு வந்தால் மறந்துவிடும். இருபது பேரில் ஒருத்தியாக இருந்தால் யார் கண்டார்கள்? தனி வகுப்பின் கஷ்டமே அதுதான். கடைசியில் டீச்சர் அப்பாவிடமே, வீட்டில் எப்படி வாசிக்கிறாள் என்று கேட்டுவிட்டார். அப்பா எழுந்து நின்று, "வூட்ல நல்லாத்தாங்க வாசிக்குது. ஒண்ணு வுடாம எனக்கு எல்லாமே கேக்குது" என்று பெருமையாகச் சொன்னார். டீச்சர் அவரையே கொஞ்ச நேரம் பார்த்தார். பிறகு என்னைப் பார்த்தார். எலுமிச்சம்பழத்தை எடுத்து மறுபடி என் கைக்குள் வைத்தார்.

மெடிக்கல் அன்று அப்பா தீபாவளிச் சட்டையைப் போட்டுக்கொண்டு போனார். போகும்போது என் கன்னத்தைத் தட்டி, எல்லாம் உன்னால்தான் பாப்பா என்றார். அது உண்மைதான்.

மத்தியானம் திரும்பி வந்தார். அம்மா ஏதோ கேட்டாள், அவர் ஏதோ சொன்னார், இரண்டும் மெதுவாக இருந்தன. அம்மா தம்பியைத் தூக்கிக்கொண்டு உள்ளே போய்விட்டாள். நான் கீபோர்டில் உட்கார்ந்திருந்தேன். அப்பா ஸ்டூலை எடுத்துவந்து போட்டார். ஆனால் முதுகைக் காட்டி உட்காரவில்லை. முதல் முறையாக என்னைப் பார்த்து உட்கார்ந்தார்.

"அழுத்து பாப்பா. ஆக மேல இருக்கறத."

வழக்கம்போல ஓங்கி அடித்தேன். அவர் என் விரலையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு மேசையின்மேல் தன் உள்ளங்கையை விரித்து வைத்து, இன்னொரு தரம் அடிக்கச் சொன்னார். அடித்தேன். கையை எடுத்துக்கொண்டார்.

"இப்ப மெதுவா. டீச்சர் சொல்ற மாதிரி."

மெதுவாக அழுத்தினேன். மெல்லிசாக, அழகாக ஒரு சத்தம் வந்தது. டீச்சர் கேட்டிருந்தால் சந்தோஷப்பட்டிருப்பார். அப்பா காத்திருந்தார். சத்தம் அடங்கியே போயிற்று. அவர் இன்னும் காத்திருந்தார்.

"அழுத்திட்டியா?"

"அழுத்திட்டேம்பா."

எங்கள் வீட்டுச் சுவர்க் கடிகாரம் ஓடிக்கொண்டிருந்தது. அதுவும் அவருக்குக் கேட்டிருக்காது என்று இப்போது தெரிகிறது. எத்தனை நாளாக இப்படி என்று கேட்டார். பிடிபட்டுவிட்டேன் என்று எனக்குப் புரிந்தது. ஆனால் நல்ல காரியம் செய்து பிடிபட்டவளுக்கு என்ன பயம்? பொங்கலிலிருந்து என்று சொன்னேன். நீங்கள் ஜெயிக்க வேண்டும் என்றுதான், அன்றைக்கு நீங்கள் சாப்பிடாமல் போனீர்களே என்றும் சொன்னேன். அப்பா முகத்தை ஒரு முறை இரண்டு கையாலும் துடைத்துக்கொண்டார். அடிப்பாரோ என்று ஒரு கணம் தோன்றியது. என் தலையில் கையை வைத்து, "ஜெயிச்சிட்டன் பாப்பா" என்றார்.

அடுத்த வாரத்திலிருந்து அவருக்கு ஜெனரல் ஷிப்ட். மிஷின் இல்லை, ஸ்டோரில் உட்கார்ந்து பார்க்கும் வேலை. காலையில் போய்ச் சாயங்காலம் வந்துவிடுவார். பியானோ தலைமேல் இருந்த சார்ட்டை டீச்சர் எடுத்துவிட்டார். இனி எல்லா வாரமும் ஒரே நேரத்தில் பாடம். அந்த முதல் பாடத்தில் என் மூன்றாவது உருப்படி, ஓங்கி அடிக்கக் காரணம் எதுவும் இல்லாததால், தானாகவே மெல்லிசாக முடிந்தது. இதைத்தானே இத்தனை நாளாகச் சொன்னேன் என்று டீச்சர் கைதட்டினார். மூன்றாவது நாற்காலியிலிருந்த அப்பா, டீச்சர் கை தட்டுவதைப் பார்த்து, தானும் தட்டினார்.

எனக்கு உலகமே சரியாகிவிட்டது. இனி அப்பா பகலில் தூங்கமாட்டார், நான் அடக்கி வாசிக்க வேண்டியதில்லை. சாயங்காலமெல்லாம் அவர் என்னுடையவர். அதோடு என் வகுப்பில் ஒருத்தியின் அப்பா ஷிப்டிலிருந்து ஜெனரலுக்கு மாறியபோது, ப்ரமோஷன் என்று அவள் வகுப்புக்கே டாஃபி கொடுத்திருந்தாள். எங்கள் டவுன்ஷிப்பில் அது வழக்கம். நானும் கொடுக்க வேண்டும் என்று கேட்டேன். அம்மா கரண்டியை ஓங்கிக்கொண்டு வந்தாள். "குடுக்கட்டும் வுடு" என்றார் அப்பா.

சைக்கிளில் முன்னால் உட்காரவைத்து என்னைப் பஜாருக்கு அழைத்துப் போனார். கடைக்கார அண்ணாச்சி டாஃபி பாட்டிலைத் திறந்துகொண்டே, என்ன விசேஷம் என்று பாட்டிலைப் பார்த்தபடி கேட்டார். அப்பாவுக்கு அது எட்டவில்லை. நானே முந்திக்கொண்டு, "எங்கப்பாவுக்கு ப்ரமோஷன்! இனிமே மிஷின் கெடையாது, ஆபீஸ்!" என்று கடை முழுக்கக் கேட்கச் சொன்னேன். அண்ணாச்சி கையைத் துடைத்துக்கொண்டு நீட்டினார். அப்பா அந்தக் கையைப் பார்த்தார், என்னைப் பார்த்தார், பிறகு பிடித்துக் குலுக்கினார்.

வகுப்பில் என்னைத் தவிர முப்பத்தெட்டு பேர். எல்லோரும் டாஃபியை வாயில் போட்டுக்கொண்டு, உங்க அப்பாவுக்குக் கங்கிராட்ஸ் சொன்னோம் என்று சொல்லச் சொன்னார்கள். சொன்னால் சொன்னபடி செய்கிறவள் நான். அன்று சாயங்காலம் அப்பா காபி குடித்துக்கொண்டிருந்தபோது அவர் மடியில் ஏறி, வலது காதுக்குப் பக்கத்தில் வாயை வைத்து, உரக்க, அட்டெண்டன்ஸ் வரிசையில் ஒவ்வொரு பெயராக முப்பத்தெட்டு பேரின் வாழ்த்தையும் சொன்னேன். ஒருவரையும் விடவில்லை. அப்பா ஒவ்வொரு பெயருக்கும் தலையை ஆட்டி, "தேங்ஸ் சொன்னேன்னு சொல்லு" என்றார்.